கிரேடிங் மென்பொருளில் சரிவுக் காட்சிப் பிழைகள்

கட்டுமானத் தளத்தின் நிலத்தை வெட்டியும் நிரப்பியும் தேவையான மட்டத்துக்கும் சரிவுக்கும் கொண்டுவரும் பணி கிரேடிங் எனப்படுகிறது. இப்பணியைக் கணினியில் வடிவமைக்க ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் சிவில் 3டி, பென்ட்லி நிறுவனத்தின் ஓப்பன்சைட் டிசைனர், கார்ல்சன் சிவில் போன்ற மென்பொருள்கள் பயன்படுகின்றன. இவை நிலத்தின் சரிவை வண்ணப் பட்டைகளாகவும், அம்புக்குறிகளாகவும், எண் லேபிள்களாகவும், கரைச் சரிவைக் குறிக்கும் சிறு கோடுகளாகவும் காட்டுகின்றன. சில வேளைகளில் சரிவு திரையில் தோன்றுவதே இல்லை. சில வேளைகளில் தோன்றுகிறது, ஆனால் தவறாகத் தோன்றுகிறது. இவ்விரு வகைச் சிக்கல்களும் சரிவுக் காட்சிப் பிழைகள் எனப்படலாம்.

இவ்விரண்டில் முதல் வகை எரிச்சலூட்டும்; ஆனால் ஆபத்து குறைவு. படம் வரவில்லை என்பது உடனே தெரிந்துவிடும். இரண்டாம் வகையில் நிறங்களும் அம்புகளும் ஒழுங்காக இருப்பதால் எவரும் சந்தேகப்படுவதில்லை. தவறு தளத்தில் தண்ணீர் தேங்கும்போதுதான் வெளிப்படும். ஆகவே பிழை நீக்கும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது, கோளாறு படத்தில் உள்ளதா அல்லது அதன் அடியிலுள்ள பரப்பில் உள்ளதா என்பதே. இக்கட்டுரை சிவில் 3டி மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதை விளக்குகிறது. மற்ற மென்பொருள்களில் கட்டளைப் பெயர்கள் மாறினாலும் அடிப்படை ஒன்றே.

சரிவு ஏன் துல்லியமாக இருக்க வேண்டும்

கிரேடிங் வடிவமைப்பில் அனுமதிக்கப்படும் சரிவு எல்லைகள் மிகக் குறுகியவை. அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 2010 ஆம் ஆண்டு வடிவமைப்புத் தரநிலைகளின்படி, சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தின் சரிவு 1:12, அதாவது 8.33 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நடைபாதையின் நெடுக்குச் சரிவு 1:20, அதாவது 5 விழுக்காட்டைத் தாண்டினால் அது சாய்தளமாகக் கருதப்படும். குறுக்குச் சரிவும், மாற்றுத்திறனாளிகளுக்கான வாகன நிறுத்த இடத்தின் சரிவும் 1:48, அதாவது 2.08 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும்.

அத்தகைய கார் நிறுத்த இடம் ஒன்றின் குறைந்தபட்ச அகலம் 2,440 மி.மீ. அந்த அகலத்தில் 1:48 என்பது ஏறத்தாழ 51 மி.மீ. மட்ட வேறுபாடு மட்டுமே. சரிவு 2.4 விழுக்காடு ஆகிவிட்டால் வேறுபாடு 59 மி.மீ. இடையே உள்ளது வெறும் 8 மி.மீ. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத இந்த அளவு, போட்ட கான்கிரீட்டை உடைத்து மீண்டும் போடவேண்டிய நிலைக்குக் கொண்டுபோகலாம்.

மறுபுறம் சரிவு போதாமல் போவதும் சிக்கலே. அமெரிக்காவில் பின்பற்றப்படும் பன்னாட்டுக் கட்டட விதித்தொகுப்பு, அடித்தளச் சுவரிலிருந்து 10 அடி தூரத்துக்கு நிலம் குறைந்தது 5 விழுக்காடு வெளிநோக்கிச் சரிய வேண்டும் என்கிறது. இது 6 அங்குல இறக்கம். திரையில் அம்பு வெளிநோக்கி இருப்பதுபோல் தோன்றி, உண்மையில் நிலம் சுவரை நோக்கிச் சரிந்தால் மழைநீர் அடித்தளத்துக்குள் இறங்கும்.

மென்பொருளில் சரிவு உருவாகும் விதம்

திரையில் தெரியும் ஒரு சரிவு ஐந்து படிகளைக் கடந்து வருகிறது.

1. அளவைத் தரவு: டோட்டல் ஸ்டேஷன், ஜி.பி.எஸ்., டிரோன் ஆகியவற்றால் எடுத்த புள்ளிகள், சமவுயரக் கோடுகள், வடிவமைப்பாளர் வரைந்த கோடுகள்.
2. முக்கோண வலை: புள்ளிகளை இணைத்து உருவாகும் பரப்பு.
3. பகுப்பாய்வு: ஒவ்வொரு முக்கோணத்தின் சரிவையும் கணித்து வரம்புகளாகப் பிரித்தல்.
4. ஸ்டைல்: எந்த உறுப்பு தெரிய வேண்டும், எந்த நிறத்தில், எந்த லேயரில் என்ற அமைப்பு.
5. திரை: காட்சி முறை, வரைகலை அட்டை, வியூபோர்ட் ஆகியவை.

சரிவு தெரியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் 3, 4, 5 ஆம் படிகளில் இருக்கும். சரிவு தவறாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் 1, 2 ஆம் படிகளில் இருக்கும். தவறான சரிவைச் சரிசெய்ய ஸ்டைலை மாற்றிக்கொண்டே இருப்பது பயன் தராது.

முக்கோண வலை முறை 1970களில் தாமஸ் பாய்க்கர் உள்ளிட்ட ஆய்வாளர்களால் வளர்க்கப்பட்டது. புள்ளிகளை முக்கோணங்களாக இணைக்கும் விதி, ரஷ்யக் கணிதவியலாளர் போரிஸ் டெலோனே 1934 இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது. ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகள் வழியாகச் செல்லும் வட்டத்துக்குள் வேறு புள்ளி எதுவும் இருக்கக் கூடாது என்பதே அவ்விதி. இது புள்ளிகளின் கிடைநிலை இடத்தை மட்டும் பார்க்கிறது, உயரத்தைப் பார்ப்பதில்லை. எனவே சாலை விளிம்பு எங்கே ஓடுகிறது, வாய்க்கால் அடி எங்கே உள்ளது என்பது மென்பொருளுக்குத் தானாகத் தெரியாது. பின்னால் வரும் பல பிழைகளின் வேர் இதுவே.

சரிவைக் குறிக்கும் முறைகள்

ஒரே சரிவை மூன்று விதமாக எழுதலாம். விழுக்காடு என்பது 100 அலகு கிடைத் தூரத்தில் ஏற்படும் உயர வேறுபாடு. விகிதம் என்பது உயரத்துக்கும் கிடைத் தூரத்துக்கும் உள்ள உறவு. கோணம் பாகையில் தரப்படும்.

- 1:1 விகிதம், 100 விழுக்காடு, 45 பாகை
- 1:2 விகிதம், 50 விழுக்காடு, 26.57 பாகை
- 1:3 விகிதம், 33.33 விழுக்காடு, 18.43 பாகை
- 1:4 விகிதம், 25 விழுக்காடு, 14.04 பாகை
- 1:12 விகிதம், 8.33 விழுக்காடு, 4.76 பாகை
- 1:20 விகிதம், 5 விழுக்காடு, 2.86 பாகை
- 1:50 விகிதம், 2 விழுக்காடு, 1.15 பாகை

100 விழுக்காடு என்பது செங்குத்து அல்ல, 45 பாகை மட்டுமே. செங்குத்தை நெருங்கும்போது விழுக்காடு எல்லையின்றி வளரும்.

விகிதத்தில் எந்த எண் முன்னால் வருகிறது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்க வரைபடங்களில் மண்கரைச் சரிவை 2:1 என எழுதினால் 2 கிடை, 1 உயரம் என்று பொருள். இந்தியாவிலும் பிரிட்டனிலும் அதே சரிவு 1:2 என எழுதப்படும். லேபிள் ஸ்டைலில் இந்த வரிசை மாறி அமைந்திருந்தால் 50 விழுக்காட்டுக் கரை 200 விழுக்காட்டுக் கரையாகப் படிக்கப்படும். இங்கே பரப்பில் பிழை எதுவும் இல்லை. எழுதும் முறையில்தான் பிழை.

முதல் சோதனை: படமா, பரப்பா

எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை எளிது. சந்தேகமுள்ள இடத்தில் இரண்டு புள்ளிகளைத் தேர்ந்து, பரப்பின் மட்டத்தை அவ்விரு இடங்களிலும் கேட்டறிய வேண்டும். சிவில் 3டி-யில் பரப்பின் மேல் சுட்டியை வைத்தாலே அந்த இடத்தின் மட்டம் தோன்றும்; புள்ளி மட்ட லேபிளையும் இடலாம். பிறகு மட்ட வேறுபாட்டைக் கிடைத் தூரத்தால் வகுத்து 100 ஆல் பெருக்கினால் சரிவு விழுக்காடு கிடைக்கும்.

கைக்கணக்கு வடிவமைப்போடு ஒத்துப்போய், திரை மட்டும் வேறாகக் காட்டினால் கோளாறு பகுப்பாய்விலோ ஸ்டைலிலோ உள்ளது. கைக்கணக்கே வடிவமைப்போடு ஒத்துப்போகாவிட்டால் கோளாறு பரப்பில் உள்ளது. மட்டமே கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்தில் பரப்பு இல்லை. எல்லைக்கோடு அதை வெட்டியிருக்கலாம். ஒரு நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனை, தேவையற்ற இடத்தில் மணிக்கணக்கில் தேடுவதைத் தவிர்க்கும்.

சரிவு திரையில் தோன்றாதபோது

பகுப்பாய்வு இயக்கப்படாமை: மிகப் பொதுவான காரணம் இதுவே. ஸ்டைலில் சரிவைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. பரப்பின் பண்புகள் சாளரத்தில் பகுப்பாய்வுத் தாவலுக்குச் சென்று, சரிவு என்ற வகையைத் தேர்ந்து, வரம்புகளின் எண்ணிக்கையைக் கொடுத்து, கீழ்நோக்கிய அம்புப் பொத்தானை அழுத்த வேண்டும். அப்போதுதான் வரம்புகள் உருவாகும். பின்னர் ஸ்டைலில் வரம்பு எண்ணிக்கையை மாற்றினாலும் பகுப்பாய்வை மீண்டும் இயக்கும்வரை பழைய வரம்புகளே இருக்கும்.

உறுப்பு அணைக்கப்பட்டிருத்தல்: பரப்பு ஸ்டைலின் காட்சித் தாவலில் முக்கோணங்கள், எல்லை, சமவுயரக் கோடுகள், சரிவுகள், சரிவு அம்புகள் ஆகியவை தனித்தனி வரிகளாக உள்ளன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு விளக்குக் குறி உண்டு. சரிவு அம்புகளின் விளக்கு அணைந்திருந்தால் பகுப்பாய்வு சரியாக நடந்தாலும் அம்பு தெரியாது. இந்தப் பட்டியல் மேலிருந்து பார்க்கும் காட்சிக்கு ஒன்றும் முப்பரிமாணக் காட்சிக்கு ஒன்றுமாகத் தனித்தனியே உள்ளது. படத்தைச் சுழற்றியதும் நிறங்கள் மறைந்துபோவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

லேயர்: பரப்பு ஒரு லேயரிலும் அதன் உறுப்புகள் வேறு லேயர்களிலும் இருக்கலாம். இரண்டில் எது உறைநிலையில் இருந்தாலும் படம் மறையும். அச்சுத் தாளில் மட்டும் சரிவு தெரியவில்லை என்றால் அந்த வியூபோர்ட்டில் லேயர் உறைந்துள்ளதா என்று பார்க்க வேண்டும்.

நிரப்பு அமைப்பு: வண்ணப் பட்டைகளுக்குப் பதிலாக வெறும் முக்கோணக் கோடுகள் மட்டும் தெரிந்தால் ஃபில்மோடு என்ற மாறியின் மதிப்பு 0 ஆக இருக்கலாம். அதை 1 ஆக்கி, ரீஜென் கட்டளையால் படத்தைப் புதுப்பித்தால் நிறம் வந்துவிடும்.

அம்பின் அளவு: அம்பின் நீளம் ஸ்டைலில் தரப்படுகிறது. பெரிய தளத்தில் மிகச் சிறிய அம்புகள் புள்ளிகளாகக் கூடத் தெரியாது. நெருங்கிப் பார்த்தால் தெரிந்து, விலகினால் மறைந்தால் நீளத்தைக் கூட்ட வேண்டும்.

விவரக் குறைப்பு நிலை: பெரிய பரப்புகளை வேகமாகக் காட்டுவதற்காகச் சிவில் 3டி-யில் விவரங்களைக் குறைத்துக் காட்டும் ஒரு வசதி உள்ளது. அது இயங்கும்போது திரையின் இடது மேல்மூலையில் ஒரு குறி தோன்றும். அந்நிலையில் விலகிப் பார்க்கும்போது எல்லா முக்கோணங்களும் வரையப்படுவதில்லை. சரிவைச் சரிபார்க்கும்போது அதை அணைத்துவிட வேண்டும்.

வரைவு வரிசை: வான்படமோ நிரப்பு வடிவமோ பரப்பின் மேல் வந்து மறைக்கலாம். டிராஆர்டர் கட்டளையால் அதைப் பின்னுக்குத் தள்ளலாம்.

வேறு மென்பொருளில் திறத்தல்: சிவில் 3டி பரப்பு சாதாரண ஆட்டோகேட் பொருள் அல்ல. அதைப் புரிந்துகொள்ளும் துணை நிரல் இல்லாத கணினியில் திறந்தால் வெறும் பெட்டியோ, ஒன்றுமில்லாத இடமோதான் தெரியும். வரைபடத்தைச் சேமிக்கும்போது ப்ராக்சிகிராஃபிக்ஸ் மாறி 1 ஆக இருந்தால் பெறுபவர் படத்தையாவது பார்க்கலாம். இல்லையெனில் ஆட்டோகேட் வடிவத்துக்கு ஏற்றுமதி செய்து அனுப்ப வேண்டும்.

தளம் முழுவதும் ஒரே நிறமாகத் தெரிந்தால்

பகுப்பாய்வு நடந்திருக்கும், நிறமும் வந்திருக்கும். ஆனால் 1 விழுக்காட்டு வாகன நிறுத்தமும் 33 விழுக்காட்டுக் கரையும் ஒரே நிறத்தில் இருக்கும். இதற்குக் காரணம் வரம்புகள் பிரிக்கப்பட்ட விதம்.

நடைபாதை விளிம்புக் கல்லின் உயரம் 150 மி.மீ. என்று கொள்க. அதன் மேல்விளிம்பையும் அடிவிளிம்பையும் வடிவமைப்பாளர் 1 மி.மீ. இடைவெளியில் வரைந்திருந்தால், அந்த முகத்தின் சரிவு 15,000 விழுக்காடு. சம இடைவெளி முறையில் 0 முதல் 15,000 வரை ஐந்து வரம்புகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 3,000 விழுக்காடு அகலம் கொண்டிருக்கும். தளத்தின் மற்ற எல்லா இடங்களும் முதல் வரம்புக்குள் அடங்கிவிடும்.

தீர்வு, வரம்புகளைக் கையால் எழுதுவதே. வடிவமைப்பு விதிகளையே வரம்பு எல்லைகளாக வைத்தால் படம் நேரடியாகப் பயன்படும். எடுத்துக்காட்டாக 0 முதல் 1 வரை, 1 முதல் 2.08 வரை, 2.08 முதல் 5 வரை, 5 முதல் 8.33 வரை, 8.33 முதல் 33.33 வரை, அதற்கு மேல் என ஆறு வரம்புகள் போதும். முதல் நிறம் தண்ணீர் தேங்கக்கூடிய இடத்தையும், மூன்றாம் நிறம் குறுக்குச் சரிவு மீறப்பட்டிருக்கக்கூடிய இடத்தையும் உடனே காட்டும். கடைசி வரம்பின் மேல் எல்லையைப் பெரிய எண்ணாக வைக்க வேண்டும். வரம்புகளுக்கு வெளியே விழும் முக்கோணங்கள் நிறமின்றி விடப்படலாம்.

பரப்பு மாறியபின் பழைய வரம்புகள் அப்படியே நிற்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். படத்தோடு குறிவிளக்க அட்டவணை இருந்தால், அது தானாகப் புதுப்பிக்கப்படும் வகையில் இடப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும். நிலையான அட்டவணையில் பழைய எண்களே இருக்கும்.

சரிவு தவறாகத் தெரியும்போது

முறிவுக்கோடு இல்லாமை: சாலை விளிம்பு, வாய்க்கால் அடி, கரையின் உச்சி போன்ற இடங்களில் நிலத்தின் சரிவு திடீரென மாறும். அந்த வரியை முக்கோணங்கள் தாண்டக் கூடாது என்று சொல்வதே பிரேக்லைன் எனப்படும் முறிவுக்கோட்டின் வேலை. அது இல்லையெனில் விளிம்புக் கல்லின் மேல்புள்ளி எதிர்ப்புறச் சாலைப் புள்ளியோடு நேரடியாக இணைந்துவிடும். விளிம்பை ஒட்டி நிறங்கள் பல் பல்லாக மாறி மாறித் தெரிந்தால் இதுவே காரணம் எனலாம். புள்ளிகளை இணைத்து முப்பரிமாணக் கோடு வரைந்து முறிவுக்கோடாகச் சேர்க்க வேண்டும்.

ஒன்றையொன்று வெட்டும் முறிவுக்கோடுகள்: இரண்டு முறிவுக்கோடுகள் வெவ்வேறு மட்டத்தில் குறுக்கிட்டால் அந்த இடத்துக்கு இரண்டு உயரங்கள் உண்டாகும். முக்கோணப் பரப்பில் ஓரிடத்துக்கு ஒரே உயரம்தான் இருக்க முடியும். மென்பொருள் எச்சரிக்கை தரும். அதை மூடிவிட்டுத் தொடர்வது வழக்கமான தவறு. குறுக்கிடும் இடத்தில் இரு கோடுகளின் மட்டத்தையும் ஒன்றாக்க வேண்டும்.

ஃபீச்சர் லைன் மோதல்: சிவில் 3டி-யில் ஒரே சைட் தொகுப்பில் உள்ள ஃபீச்சர் லைன்கள் குறுக்கிட்டால், கடைசியாகத் திருத்தப்பட்ட கோட்டின் மட்டமே மற்றதற்கும் ஏற்றப்படும். நேற்றுச் சரியாக இருந்த சரிவு இன்று நடுவில் பள்ளம் விழுந்து தெரிவதற்கு இது ஒரு காரணம். தொடர்பில்லாத கோடுகளை வேறு சைட் தொகுப்புக்கு மாற்ற வேண்டும்.

பூஜ்ய மட்டப் புள்ளி: தளம் 85 மீட்டர் மட்டத்தில் இருக்க, ஒரு புள்ளியின் உயரம் பதியப்படாமல் 0 என இருந்தால், 10 மீட்டர் தள்ளியுள்ள புள்ளிக்கும் அதற்கும் இடையே 850 விழுக்காடு சரிவு உண்டாகும். முப்பரிமாணக் காட்சியில் ஆழ்துளைபோலத் தெரியும். பரப்பின் பண்புகளில் குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழுள்ளவற்றை விலக்கும் அமைப்பு உண்டு. எனினும் மூலப் புள்ளியைத் திருத்துவதே நல்லது.

ஓரத்து நீள் முக்கோணங்கள்: அளவை எடுக்காத வெற்றிடத்தின் குறுக்கே ஓரப் புள்ளிகள் நீண்ட, மெல்லிய முக்கோணங்களாக இணையும். அவை காட்டும் சரிவுக்குப் பொருளில்லை. வெளியெல்லைக் கோட்டைச் சேர்த்தோ, முக்கோணப் பக்கத்தின் அதிகபட்ச நீளத்தை வரையறுத்தோ அவற்றை நீக்கலாம். எல்லைக்கோட்டைத் தரவு அனைத்தும் சேர்த்தபின் கடைசியில் சேர்ப்பது வழக்கம்.

தட்டை முக்கோணங்கள்: சமவுயரக் கோடுகளிலிருந்து மட்டும் பரப்பை உருவாக்கினால், ஒரே கோட்டின் மூன்று புள்ளிகள் இணைந்து சரிவு 0 உள்ள முக்கோணம் உருவாகும். மேட்டின் முனையிலும் ஓடையின் வளைவிலும் இது அதிகம். உண்மையில் சரிவுள்ள நிலம் சமதளமாகத் தெரியும். தட்டைப் பகுதிகளைக் குறைக்கும் தேர்வை இயக்க வேண்டும். இயன்றால் உச்சியிலும் ஓடை அடியிலும் மட்டப் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும்.

வளைவுகள்: வட்ட வில்லான விளிம்பை முறிவுக்கோடாகச் சேர்க்கும்போது மென்பொருள் அதைச் சிறு நேர்கோடுகளாக மாற்றும். வில்லுக்கும் நாணுக்கும் உள்ள அதிகபட்ச விலகலைப் பெரிதாகக் கொடுத்தால் கோடுகள் நீண்டு, திருப்பங்களில் சரிவு திரிந்துவிடும்.

அலகுக் குழப்பம்: கிடை அளவு அடியிலும் மட்டம் மீட்டரிலும் இருந்தால் எல்லாச் சரிவுகளும் ஒரே விகிதத்தில் தவறும். 2 விழுக்காட்டுச் சரிவு 0.61 விழுக்காடாகத் தெரியும். எங்கும் 3.28 மடங்கு வேறுபாடு தென்பட்டால் அலகைத்தான் பார்க்க வேண்டும்.

புதுப்பிக்கப்படாத பரப்பு: தரவு மாறியும் பரப்பு மீண்டும் கட்டப்படாவிட்டால் பழைய சரிவே தெரியும். பட்டியலில் பரப்பின் பெயருக்கு அருகே எச்சரிக்கைக் குறி இருந்தால் மறுகட்டமைப்புச் செய்ய வேண்டும். ஸ்னாப்ஷாட் எடுத்த பரப்பில் அதற்கு முந்தைய தரவைத் திருத்தினாலும் ஸ்னாப்ஷாட்டைப் புதுப்பிக்கும்வரை மாற்றம் வராது.

லேபிள்களில் வரும் குழப்பங்கள்

மென்பொருள் சரியாகச் சொல்லியும் படிப்பவர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடங்கள் மூன்று.

முதலாவது, ஒருபுள்ளி லேபிள். இது அந்த முக்கோணத்தின் மிகச் செங்குத்தான திசையிலுள்ள சரிவைத் தருகிறது. நடைபாதையின் நெடுக்குச் சரிவு 5 விழுக்காடும் குறுக்குச் சரிவு 2 விழுக்காடும் என வடிவமைத்திருந்தால், லேபிள் 5.39 விழுக்காடு என்று காட்டும். 5, 2 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது அது. வடிவமைப்பு தவறிவிட்டது என்று பொருளில்லை. குறிப்பிட்ட திசையின் சரிவு வேண்டுமெனில் அத்திசையில் இருபுள்ளி லேபிள் இட வேண்டும். வண்ணப் பட்டைகளும் இந்தச் செங்குத்தான சரிவையே காட்டுகின்றன என்பதால் அதே கவனம் அங்கும் தேவை.

இரண்டாவது, இருபுள்ளி லேபிள். இது இரு முனைகளின் மட்டத்தை மட்டும் பார்க்கிறது. நடுவில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. 10 மீட்டர் இடைவெளியில் ஒரு முனை 100.00 மீட்டர், மறுமுனை 99.90 மீட்டர் எனில் லேபிள் 1 விழுக்காடு இறக்கம் என்று சொல்லும். நடுவில் மட்டம் 99.75 ஆக இருந்தால், முதல் 5 மீட்டர் 5 விழுக்காடு இறங்கி, அடுத்த 5 மீட்டர் 3 விழுக்காடு ஏறுகிறது. தண்ணீர் நடுவில் தேங்கும். லேபிளோ வடிகால் நன்றாக உள்ளதாகக் காட்டும். சரிவு மாறும் வரிகளைத் தாண்டி இருபுள்ளி லேபிள் இடக் கூடாது.

மூன்றாவது, தசம இலக்கம். லேபிளின் துல்லியம் முழு எண்ணாக இருந்தால் 2.4 விழுக்காடும் 1.6 விழுக்காடும் 2 என்றே தெரியும். முதலாவது 2.08 எல்லையை மீறுகிறது, இரண்டாவது மீறவில்லை. அணுகல் பாதைகளுக்கு இரண்டு தசம இலக்கம் வைப்பது பாதுகாப்பானது.

கரைச் சரிவுக் கோடுகளும் நெடுக்குவெட்டும்

வெட்டு, நிரவல் கரைகளில் உச்சியிலிருந்து அடி நோக்கி வரையப்படும் சிறு கோடுகள் சரிவு வடிவம் எனப்படுகின்றன. காரிடார் எனப்படும் சாலை மாதிரியில் இவை தெரிய, காரிடார் பண்புகளில் கரையின் தொடக்கக் கோட்டையும் முடிவுக் கோட்டையும் தேர்ந்தெடுத்து ஒரு வடிவ ஸ்டைலையும் கொடுக்க வேண்டும். இரு கோடுகளும் தவறான இணையாக இருந்தால் கோடுகள் வராது, அல்லது சாலையின் குறுக்கே வரும். கிரேடிங் பொருள்களில் இது கிரேடிங் ஸ்டைலுக்குள்ளேயே அமைகிறது. வெட்டுக்கும் நிரவலுக்கும் தனி ஸ்டைல்கள் இருப்பதால் ஒன்றில் மட்டும் கோடு தெரிவது உண்டு.

நெடுக்குவெட்டுப் படத்தில் உயரம் பெரும்பாலும் 10 மடங்கு மிகைப்படுத்தி வரையப்படும். 2 விழுக்காட்டுச் சரிவின் உண்மைக் கோணம் 1.15 பாகை, படத்தில் அது 11.31 பாகையாகத் தெரியும். இது பிழை அல்ல. ஆனால் படத்தில் கோணத்தை அளந்து சரிவைக் கணக்கிடக் கூடாது. எழுதப்பட்ட எண்ணையே எடுக்க வேண்டும்.

சரிபார்க்கும் வரிசை

1. இரு புள்ளிகளின் மட்டத்தைக் கேட்டு, சரிவைக் கையால் கணக்கிடுதல்.
2. அலகும் விகித வரிசையும் சரியா எனப் பார்த்தல்.
3. பரப்பை மறுகட்டமைத்தல், எச்சரிக்கைகளைப் படித்தல்.
4. முக்கோணங்களைத் திரையில் வரவழைத்து, விளிம்புகளைத் தாண்டும் முக்கோணங்கள், நீள் முக்கோணங்கள், தட்டை முக்கோணங்கள் ஆகியவற்றைத் தேடுதல்.
5. பகுப்பாய்வை மீண்டும் இயக்கி, வரம்புகளை விதிகளுக்கேற்ப எழுதுதல்.
6. ஸ்டைலின் காட்சித் தாவல், லேயர், நிரப்பு அமைப்பு ஆகியவற்றைப் பார்த்தல்.
7. லேபிள்களின் வகையையும் தசம இலக்கத்தையும் சரிபார்த்தல்.
8. நீர் எங்கே வெளியேற வேண்டுமோ அந்த இடத்திலிருந்து அம்புகளைப் பின்னோக்கித் தொடர்ந்து, எங்காவது எதிர்த்திசை அம்பு உள்ளதா எனப் பார்த்தல்.

படம் தோன்றவே இல்லை என்றால் 5, 6 ஆம் படிகளை முதலில் செய்யலாம். படம் தோன்றிவிட்டால் அத்துடன் நின்றுவிடாமல் மற்றப் படிகளையும் முடிக்க வேண்டும். வரைபடம் சரியாக இருந்தாலும் கட்டுமானத்தில் சில மி.மீ. மாறுவது இயல்பு. ஆகவே எல்லையையே வடிவமைப்பு மதிப்பாக வைக்காமல், 2.08 விழுக்காட்டு எல்லைக்கு 1.5 விழுக்காடு என்பதுபோல இடைவெளி விட்டு வடிவமைப்பது நடைமுறை. கான்கிரீட் ஊற்றும் முன் அச்சுப்பலகையின் மேல் மின்னணு மட்டக்கோலை வைத்து அளந்தால், திரையில் கண்ட சரிவு தளத்திலும் வந்துள்ளதா என்பது தெரிந்துவிடும்.